பின்னிருக்கையில் இருந்தவர்கள்

கை ரிச்சி இயக்கிய 'ஸ்டார்' என்ற குறும்படத்தை நாம் முதலில் பார்த்தது 2002-இல். முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் தோழியின் அண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில், இரவு முழுக்கப் பதிவிறக்கத்துக்குப் போட்டுவிட்டு, காலையில் போய்ப் பார்த்தோம். படம் பத்து நிமிடங்கூட இல்லை. தபால்தலையைவிடச் சற்றே பெரிய கட்டத்துக்குள் ஒரு கார் பாய்ந்தது. பின்னிருக்கையில் ஒரு பெண்மணி இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக உருண்டார். நாங்கள் நால்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் பெண்மணி மடோனா என்பதுகூடத் தோழியின் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

அது விளம்பரம் என்று தெரிந்துகொண்டது அதற்கும் பிறகு. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கார்களுக்காக 2001-இலும் 2002-இலும் எட்டுக் குறும்படங்களை எடுக்கச்செய்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. 'தி ஹயர்' என்பது வரிசையின் பெயர். 'வாடகைக்கு' என்று சொல்லலாம். 'கூலிக்கு' என்றாலும் தவறில்லை. முதல் ஐந்து படங்களுக்கு நிர்வாகத் தயாரிப்பாளர் டேவிட் ஃபின்ச்சர். இயக்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஜான் ஃபிராங்கன்ஹைமர், ஆங் லீ, வாங் கர்-வாய், கை ரிச்சி, இன்யாரித்து. அடுத்த ஆண்டில் ஜான் வூ, ஜோ கார்னஹன், டோனி ஸ்காட். யூடியூப் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு விளம்பரத்தைப் பார்ப்பதற்காக மக்கள் தாமே தேடிவந்து, தம் தொலைபேசிக் கட்டணத்தில் இறக்கிப் பார்த்தார்கள் என்பது இன்று வேடிக்கையாக இருக்கிறது. இப்போது அதே விளம்பரம் ஐந்து நொடிக்கு மேல் ஓடினால் 'ஸ்கிப்' எங்கே என்று விரல் தேடுகிறது.

எட்டுப் படங்களிலும் பெயரில்லாத ஓர் ஓட்டுநர் வருகிறார். நடித்தவர் கிளைவ் ஓவன். அவர் வேலை, ஏறியவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 'ஸ்டார்' படத்தில் ஏறுகிறவர் ஒரு பெரும்புகழ் பாடகி. வாயைத் திறந்தால் வசை. யாரையும் மனிதராக மதிக்காத குணம். தம் காவலர்களே பின்தொடர்ந்து வருவது பிடிக்காமல், அவர்களை உதறிவிட்டு ஓட்டும்படி கட்டளையிடுகிறார். ஓட்டுநர் ஓட்டுகிறார். என்ன ஓட்டு! வண்டி வளைகிறது, வழுக்குகிறது, தாவுகிறது. பின்னிருக்கையில் நட்சத்திரம் நெல்லிக்காய் மூட்டை போலச் சிதறுகிறது. கடைசியில் விழா மண்டபத்து வாசலில், செங்கம்பளத்தின்மேல், புகைப்படக்காரர்கள் முன்னிலையில் அலங்கோலமாக வந்து விழுகிறார். இந்தப் பாடம் முழுவதும் அவருடைய மேலாளரே ஓட்டுநரிடம் சொல்லிவைத்து நடத்தியது. ஆகத் துரத்தலே பொய். வண்டிக்குள் இருவரில் ஒருவருக்குத்தான் அது தெரியும். இயக்குநர் கை ரிச்சி அப்போது மடோனாவின் கணவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நகைச்சுவைக்கு இன்னொரு மடிப்புக் கிடைக்கும். அதற்குள் நாம் போக வேண்டாம்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் படத்தை வகுப்பில் போட நேர்ந்தது. இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு ஊடகம் பற்றிய ஒரு தாள் உண்டு. அதில் விளம்பரம் என்று ஓர் அலகு. பாடநூலில் விளம்பரத்தின் இலக்கணமாக ஏழு கூறுகள் அச்சாகியிருந்தன. ஏழையும் படித்துக் காட்டினால் வகுப்பு தூங்கிவிடும். ஆகவே கடைசி மணி நேரத்தில் சுவரில் ஒளியைப் பாய்ச்சினோம்.

எங்கள் கல்லூரி இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே எந்தத் திசையில் கல்லெறிந்தாலும் ஏதேனும் ஒரு வாகனத்தின் ஏதேனும் ஓர் உறுப்பின்மீது விழும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தபோது நாம் கல்லூரி மாணவி. ஷாருக்கான் அந்தக் காருக்காகத் தொலைக்காட்சியில் வந்துபோனதையும், 'அது நம்ம ஊர் வண்டி' என்று தெருவில் பெருமை பேசியதையும் கண்டவர்கள் நாம். அதே இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத் திடலும் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மைய அரசின் ஆய்வு மையம் இருக்கிறது. மடோனாவை உருட்டிய அந்த எம்-5 ஜெர்மனியில் செய்யப்பட்டது. ஆனால் அதே நிறுவனம் 2007 முதல் சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், கார்களைப் பூட்டி அனுப்புகிறது. பிள்ளைப்பாக்கத்தில் நம் வாசலில் நின்றால் புதுக்கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் போவதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊரில் கார் துரத்தல் படம் போடுவது, சிவகாசியில் பட்டாசு வெடித்துக் காட்டுவது போலத்தான்.

மாணவர்கள் சிரித்தார்கள். 2002-இல் நாங்கள் சிரித்த அதே இடங்களில் சிரித்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அம்மா, அவங்க பெல்ட்டே போடலையே."

மறுபடியும் சிரிப்பு. "பெல்ட் போட்டிருந்தா படமே இல்ல" என்றான் ஒரு பையன்.

அவள் சிரிக்கவில்லை. "இல்லம்மா. மெதுவா இழுத்தா வரணும், சடார்னு இழுத்தா நிக்கணும். உள்ள ஒரு சின்ன குண்டு இருக்கும். வண்டி குலுங்கினா அது நகந்து பல்லை மாட்டிவிடும். எங்க லைன்ல அதைத்தான் செக் பண்றோம். அவங்க போட்டிருந்தா மொத வளைவுலயே லாக் ஆயிருக்கும்."

அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தோம். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். நம் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஐந்து பெண்களாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். காலையில் காருக்கான இருக்கைப் பட்டை செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, பிற்பகலில் கல்லூரி. தோழிகளிடம் கேட்டு மாற்றிக்கொண்டு எப்போதும் முதல் ஷிஃப்டிலேயே இருக்கிறாள். இரண்டு மணிக்கு ஷிஃப்டு முடிந்து, பேருந்து பிடித்து, கல்லூரிக்குள் நுழையும்போது இரண்டரை. எங்கள் முதல் வகுப்பு ஒன்றரைக்குத் தொடங்கி இரண்டு இருபதுக்கு முடிந்துவிடும். அந்த முதல் வகுப்பு நம்முடைய சங்க இலக்கியம். அதாவது, ஓராண்டாக அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று நாள்தோறும் எழுதிவந்தது நம் கைதான்.

படத்தைப் பற்றி அன்று நாம் பேச வைத்திருந்தது வேறு. ஆற்றுப்படையைத் தொட்டுப் பேசுவதாக இருந்தோம். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்ற கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞரைத் தாம் பெற்ற இடத்துக்கு வழிகாட்டி அனுப்பும் பாட்டு. புரவலரின் பொருளில் உண்டு, புரவலரின் பெயரைப் பரப்பும் எழுத்து. விளம்பரம் என்று சொன்னால் நம் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் ஆங் லீயும் வாங் கர்-வாயும் ஒரு கார் நிறுவனத்தின் பணத்தில் படம் எடுத்ததை இழிவு என்று பேசுகிறவர்கள், உருத்திரங்கண்ணனார் இளந்திரையனைப் பாடியதை என்னவென்பார்கள்? அந்தக் குறும்படங்கள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. கூலிக்குச் செய்தது என்பதாலேயே கலை குறைந்துவிடாது. இதுதான் நாம் சொல்ல வைத்திருந்த கருத்து. இப்போதும் அதை முழுவதும் கைவிடவில்லை.

ஆனால் அந்தப் பெண் பேசிய பிறகு, வீட்டுக்குப் போய்ப் பெரும்பாணாற்றுப்படையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வேறொன்று கண்ணில் பட்டது. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் இப்படிப் பார்த்ததில்லை. அது காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்லும் பாட்டு. நம் ஊர்ப் பாட்டு. புரவலரிடம் சேர்வதற்கு முன், புலவர் உப்பு வணிகரின் மாட்டுவண்டி ஒன்றின்முன் நின்றுவிடுகிறார். சக்கரம், ஆரக்கால், பார், மேற்கூரை என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்கிறார். வண்டியின் முன்னே கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள். எருதுகளை அவள்தான் ஓட்டுகிறாள். இளந்திரையனின் புகழுக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் பாட்டில் அவளுக்கு இடம் இருக்கிறது. ஔவையார் ஒருபடி மேலே. உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் கட்டிவைக்கும் மாற்று அச்சைக் கவனித்து, அதியமானின் மகனுக்கே அதை உவமையாக்கிவிட்டார். ஒரு வேந்தர்குலத்து இளைஞரை 'ஸ்டெப்னி' என்று புகழ்வதற்குத் துணிவு வேண்டும். அதைவிட, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

குறும்படத்தில் கார் முழுசாக வருகிறது, முழுசாகப் பாய்கிறது. அதற்கு உறுப்புகள் இல்லை. யாரும் அதைச் செய்ததாகத் தெரியவில்லை. இது படத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டோம். சிரிக்கவைக்க வந்த படம் அது, சிரிக்கவைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பு முழுவதும் ஓர் உறுப்பு இல்லாததன்மேல் நிற்கிறது, அந்த உறுப்பைச் சோதிக்கும் கை நம் வகுப்பிலேயே இருந்தது, அதைக் காண நமக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின்னிருக்கையில் அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்பது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்போதும் நமக்கு இந்தப் படம் நினைவுக்கு வரவில்லை.

இனி நம்முடைய கார் துரத்தலுக்கு வருகிறோம். கார் இல்லை; துரத்தல் உண்டு.

படம் போட்டுப் பத்து நாள் இருக்கும். மார்கழி. காலை ஐந்தேகாலுக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தோம். ஏரிப்பக்கத்திலிருந்து பனி இறங்கி, தெருவிளக்கு ஊமத்தம்பூப் போல மங்கியிருந்தது. அந்தப் பெண் முனையிலிருந்து ஓடிவந்தாள். கையில் ஒரு டிபன் பை. ஒரு காலில் செருப்பு.

"அம்மா, பஸ்ஸு போயிடுச்சு. இப்பத்தான் போவுது."

"அடுத்த பஸ்ஸில் போயேன்" என்றோம், கல்லூரி ஆசிரியருக்கே உரிய அறிவின்மையோடு.

அடுத்த பஸ் என்று ஒன்று இல்லை. அந்த வாரம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பட்டியல் போடுகிறார்களாம். மாதம் ஒரு நாள் தவறினால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். இந்த வாரம் தவறினால் போனஸோடு போகாது. அவள் இதையெல்லாம் மூச்சிரைக்க ஒரே வாக்கியமாகச் சொன்னாள். அங்கும் வருகைப்பதிவு, இங்கும் வருகைப்பதிவு; நடுவில் ஒரு பெண் ஓடுகிறாள். கோலப்பொடிக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தோம்.

நாம் அணிந்திருந்தது நைட்டி. மேலே ஒரு பூந்துவாலை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். விட்டால் கதை பொய்யாகிவிடும்.

சாலையில் ஏறியபோது பேருந்தின் சிவப்பு விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. நம் ஸ்கூட்டர் பதினோரு வயதானது. அறுபதைத் தொட்டால் முன்சக்கரம் ஆட்டம் காணும். 'போங்கம்மா, போங்கம்மா' என்று முதுகில் தட்டுகிறாள். பேருந்தை நெருங்குகிறோம், ஒரு டிரெய்லர் நடுவில் நுழைகிறது. அதன் மேல் ஆறோ ஏழோ புதுக்கார்கள், கண்ணாடியில் உறை ஒட்டியபடி, ராஜகுமாரர்கள் போல உட்கார்ந்திருக்கின்றன. அதைத் தாண்டினால் தண்ணீர் லாரி. லாரி சிந்திய தண்ணீரில் பின்சக்கரம் ஒரு முறை வழுக்கியது. கை ரிச்சி இதை நாலு கோணத்தில் எடுத்திருப்பார். நமக்கு ஒரே கோணந்தான். அதுவும் கண்ணை மூடிக்கொண்ட கோணம். வல்லம் வடகால் பக்கம் வந்தபோது சாலை முழுக்கப் பேருந்துகள். 2024-இல் அங்கே 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு ஒன்றை அரசு கட்டித் திறந்தது. விடியலில் அங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் புறப்படுவதை அன்றுதான் பார்த்தோம். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றின் சன்னலிலும் தலைசாய்த்துத் தூங்கும் முகங்கள். எங்கள் பேருந்து எது?

"அதோ, அந்த மூணாவது! ஹாரன் அடிங்கம்மா!"

ஹாரன் அடித்தோம். அது ஆறு மாதமாகப் பேசுவதில்லை.

அகநானூற்றின் நான்காம் பாட்டில், வினைமுடித்து மீளும் தலைவன் தேரில் விரைகிறான். பூவில் தேனருந்தும் வண்டுகள் தம் துணையோடு இருக்கின்றன. தேர்மணி ஒலித்தால் அவை கலங்கிவிடும் என்று அஞ்சி மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். குறுங்குடி மருதனாரின் அந்தப் பாட்டைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நமக்குக் குரல் கம்மும். நம் ஸ்கூட்டரின் மணிநா அன்று கட்டுண்டது அருளினால் அன்று. மெக்கானிக்கிடம் கொடுக்கச் சோம்பல். ஒரகடம் கூட்டுச்சாலை வரைக்கும், ஓசையே இல்லாமல், கையை ஆட்டிக்கொண்டு, ஒரு தமிழ் விரிவுரையாளர் நைட்டியில் துரத்தினார். அந்தப் பேருந்தின் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாராம். யாரோ புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினாராம். இதை அவர் பிறகு சொன்னார்.

தொழிற்சாலை வாயிலில் பேருந்துக்குப் பின்னாலேயே போய் நின்றோம். அவள் குதித்து ஓடி, அட்டையைக் காட்டி, உள்ளே மறைந்தாள். ஐந்து ஐம்பத்தாறு. நாம் ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்ந்தால், மூன்று பேருந்துகளிலிருந்து இறங்கிய வரிசை நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதில் நான்கு பேராவது நம்மிடம் படித்தவர்கள். ஒருவன் கைகூப்பி, மிகுந்த மரியாதையோடு, "வணக்கம் அம்மா" என்றான். பூந்துவாலையை இழுத்து மூடிக்கொண்டு, "வணக்கம் தம்பி, நல்லா இருக்கியா" என்று விசாரித்தோம். கேமரா ஒன்றுதான் குறை. செங்கம்பளத்தில் விழுந்த மடோனாவின்மேல் நமக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது.

திரும்பும் வழியில்தான் தலையைத் தடவிப் பார்த்தோம். ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவளுக்கும் இல்லை. பெல்ட்டைச் சோதிக்கும் பெண்ணைத் தலைக்கவசமின்றி அறுபதில் ஓட்டிவந்திருக்கிறோம். அவளும் அதைச் சொல்லவில்லை.

பருவம் முடிந்தபோது வருகைப்பதிவுக் கணக்கு வந்தது. ஐந்து வகுப்பில் ஒன்று தவறினால் எண்பது. ஓவர்டைம் நாட்களையும் ஊர்த் திருவிழாவையும் கழித்தால் அறுபத்தெட்டு. எழுபத்தைந்துக்குக் குறைந்தால் தண்டம் கட்டி, துறையின் பரிந்துரை பெற வேண்டும். காரணம் எழுதும் கட்டத்தில் மருத்துவம் என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். மருத்துவர் சான்றிதழும் எளிதில் கிடைக்கும். நாம் 'காலை ஷிஃப்டு' என்று எழுதினோம். அப்படி ஒரு காரணம் விதியில் இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. மறுபடியும் அதையே எழுதி, கீழே இன்னும் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினோம். முதல் வகுப்பைக் கடைசி மணிக்கு மாற்றிக்கொள்ளத் துறைக்குள் கேட்டோம். மாலை ஐந்தேகாலுக்குமேல் சங்க இலக்கியம் நடத்தினால் யார் விழித்திருப்பார்கள் என்றார்கள். காலை நாலரைக்கு எழுந்தவள் ஒருத்தி விழித்திருப்பாள் என்று சொல்ல நினைத்தோம்; அப்போது நைட்டியின் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டோம். செய்தி துறை வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

படிவம் இன்னும் மேசையில் இருந்து மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. சென்ற வாரம் அவள் வந்து, அந்தப் படத்தை லைனில் இருக்கும் தோழிகளுக்குச் சொன்னதாகச் சொன்னாள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே வாயால்தான். டீ இடைவேளை பத்து நிமிடம்.

"முழுக்கச் சொன்னியா?"

"பாதிதான்மா சொன்னேன். அதுக்குள்ள நம்ம கதையைக் கேட்டாங்க. அதையே ரெண்டு தடவ சொல்லவச்சாங்க." சற்று நிறுத்தி, "நைட்டின்னு சொல்லலம்மா. சுடிதார்னு சொல்லிட்டேன்" என்றாள்.